சிரிக்கும்போது தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்

அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வயிற்றுத் தையல் நன்றாக ஆறிவருகிறது என்றாலும், தொற்று முழுவதும் நீங்கும்வரை வீட்டுக்கு அனுப்ப இயலாது என்று மருத்துவர் இன்று காலை சொல்லிவிட்டார். முகம் வாடிப்போயிருந்த அப்பா, சற்று நேரம் கழித்துப் பக்கத்துக் கட்டில் பெரியவரிடம், "இந்த வார்டில் நான்தான் உங்களுக்கு சீனியர், ஐயா, ஜன்னல் ஓரக் கட்டில் காலியானால் எனக்குத்தான் முதல் உரிமை" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் செவிலியர் ஓடிவந்து, சிறிய தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சிரித்தாலும் இருமினாலும் அப்படிப் பிடித்துக்கொண்டால் தையல் இழுபடும் வலி குறையுமாம்.

தம்பி:
படிக்கவே ஆறுதலாக இருக்கிறது, அக்கா. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வலியில் இருப்பவர் முன்னால் வேடிக்கையாகப் பேசுவது சரியா என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. சித்தி, நீங்கள் இத்தனை ஆண்டுகள் செவிலியராக இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்.

சித்தி:
தயங்காமல் வா, கண்ணா. ஆனால் சிரிப்பை அத்தானே தொடங்கட்டும். அவர் தொடங்கினால் நீயும் சேர்ந்துகொள், அவர் கண்ணை மூடிக்கொண்டால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. கட்டு மாற்றும் நேரத்தில் எந்தப் பேச்சும் வேண்டாம். சிறுநீர்க் குழாய், படுக்கையிலேயே மலம் கழிப்பது, தூக்க மயக்கத்தில் உளறியது ஆகியவற்றைப் பற்றி அவரே கேலி பேசினாலும் நாம் அதை எடுத்துப் பேசக் கூடாது. ஏற்கெனவே உடம்பு பிறர் கையில் இருக்கிறது, மானமாவது அவர் கையில் இருக்கட்டும்.

அந்த ஜன்னல் கட்டிலை விளையாட்டாக விட்டுவிடாமல் கேட்டுப் பாருங்கள். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான் என்றாலும், கேட்பதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

அக்கா:
நாளையே கேட்கிறேன், சித்தி. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை அப்பா தொடவே மறுத்துவந்தார் அல்லவா? இப்போது அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பக்கத்துக் கட்டில் பெரியவர், "முதல் பந்து கிளம்பிவிட்டது, இரண்டாவது யோசிக்கிறது, மூன்றாவது இன்னும் எழுந்திருக்கவில்லை" என்று வானொலி வர்ணனைபோலச் சொல்கிறார். அதைக் கேட்பதற்காகவே அப்பா தாமாகக் கருவியைக் கேட்டு வாங்குகிறார்.

வார்டைத் துடைக்க வரும் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பு கையைக் கழுவிக்கொண்டு, அப்பாவின் கண்ணாடியைச் சுத்தமான துணியால் துடைத்து, இரு காதிலும் மாட்டிவிட்டு, "இன்றைக்குப் புதன்கிழமை, ஐயா" என்று கிழமையையும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

சித்தி:
அவர் செய்வது பெரிய மருத்துவம், கண்ணம்மா. வெகுநாள் படுத்திருக்கும் முதியவர்களுக்குத் திடீரென மனக்குழப்பம் வருவதுண்டு. கண்ணாடி, காது கேட்கும் கருவி, கண்ணில் படும்படி ஒரு கடிகாரம், நாளும் கிழமையும் சொல்ல ஓர் ஆள் ஆகியவை அதைத் தடுக்கப் பெரிதும் உதவும். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு வை. கேட் கிரேஞ்சர் என்ற இங்கிலாந்து மருத்துவர், தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, சிகிச்சை தர வருகிற பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்து, ஊழியர்கள் நோயாளியிடம் முதலில் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று 2013இல் ஓர் இயக்கத்தையே தொடங்கினார். நாமும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதுதானே முறை?

அக்கா:
அப்பா எனக்கு முன்பே கேட்டுவிட்டார், சித்தி. இரவுப் பணியில் இருப்பவர்கள் உட்பட எல்லோருடைய பெயரும் அவருக்கு மனப்பாடம். தம்பி, பார்வையாளர் நேரம் மாலையில்தான். வாசலிலேயே கையைச் சுத்தம் செய்துகொள், கட்டிலில் உட்காராதே, சளியோ இருமலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிவை. அப்பாவின் காது கேட்கும் கருவிக்குப் புது பேட்டரி வேண்டும்.

தம்பி:
வாங்கி வருகிறேன், அக்கா. அன்று இரவு அப்பாவுடன் நான் இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு.