ஐஸ் ஹாக்கி அணியின் புரமோஷன் பிரிவில் இன்டர்னாக இருந்தவர்கள், மனதில் நிற்கும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

இரண்டு சீசன் ஆகிவிட்டது, இன்னும் அந்த ஹெல்மெட் வார்தான் கண்ணில் நிற்கிறது.

இடைவேளையில் ரசிகர் ஒருவரை ஐஸில் இறக்கி, பலகை ஓட்டைக்குள் பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, அடிக்கச் சொல்லும் போட்டி தெரியும்தானே. அன்றைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது நான். எட்டு வயதுச் சிறுமி. ஐஸைச் சீராக்கும் ஸாம்போனி வண்டி வரும் வாசலில் அப்பாவோடு நிறுத்தி வைத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஸ்பான்சர் ஒருவர் நன்கொடைக் காசோலையோடு போனார், மைக்கை விடவே இல்லை. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லிலேயே இடைவேளை 18 நிமிடம்தான். அதற்குள் ஐஸைச் சீவி, தண்ணீர் விட்டு, அது உறையவும் வேண்டும். ஐஸ் பார்க்கிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் முடியாது.

ஹெட்செட்டில் "போட்டி கட்" என்றார்கள். மண்டியிட்டு, "இன்னிக்கு நேரம் இல்லம்மா" என்றேன். அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றி, தாடைக்குக் கீழே வாரை அவளே அவிழ்த்து, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

* * *

எனக்கு டெடி பேர் நாள். சொந்த டீம் முதல் கோல் போட்டதும் கேலரியே பொம்மையை ஐஸ்ல வீசும், அதெல்லாம் மருத்துவமனை, காப்பகம்னு போகும். 1993ல கனடாவோட காம்லூப்ஸ்ல ஆரம்பிச்சது. அமெரிக்காவோட ஹெர்ஷி பேர்ஸ் டீம் மேட்ச்ல 2025 ஜனவரியில 1,02,343 பொம்மை விழுந்துச்சு. எங்களுக்கு அதுல சின்னப் பங்குகூட இல்ல, ஆனா அள்ளி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுபோச்சு.

அதுல ஒண்ணு பழசு. ஒரு காது வேற நூல்ல தைச்சிருந்துச்சு, வயிறு தேய்ஞ்சு வழவழன்னு. புதுசு மட்டும்தான் எடுத்துக்குவாங்க, அதனால தனிப் பெட்டியில போடச் சொன்னாங்க, போட்டுட்டேன். யாரோ ஒரு பிள்ளை வருஷக்கணக்கா கட்டிப்பிடிச்சுத் தூங்கினது அது. அதைத்தான் கொடுக்கணும்னு வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்திருக்கு.

* * *

முதல்ல எழுதினவருக்கு: தப்பு ஸ்பான்சர் மேல மட்டும் இல்லைங்க. குழந்தைய எதுக்கு அவ்வளவு சீக்கிரம் ஹெல்மெட் மாட்டி வாசல்ல நிறுத்தினீங்க? எனக்கும் ஒரு தடவை கடைசி நேரத்துல கட் ஆச்சு. ஆனா நான் பெரியவங்களத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

இனிமே போறவங்களுக்குச் சொல்றேன். கட் ஆகலாம்னு பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, குழந்தைகிட்ட அவங்க பக்குவமாச் சொல்லுவாங்க. காசோலை, பேச்சு இதையெல்லாம் ஐஸ் மேல வைக்காம ஆட்டத்துக்கு முன்னாடியே முடிச்சிடச் சொல்லி அட்டவணை போடும்போதே கேளுங்க. இன்டர்ன் கேக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது இடைவேளைக்கு மாத்த முடியுமான்னு ஹெட்செட்ல உடனே கேளுங்க, கட்னு காதுல விழுந்ததும் வாயை மூடிக்காதீங்க. கட் ஆனா குழந்தை கையில கொடுக்கப் பையில எப்பவும் ஒரு பக் வைங்க. ஷூவுக்கு அடியில பிடிப்பு மாட்டுங்க, ஐஸ்ல ஓடி விழுந்து கை உடைச்சவங்களப் பார்த்திருக்கேன். ஹெட்செட்டுக்கு மாத்து பேட்டரி வைங்க. டீம் சின்னமா பொம்மை வேஷம் போட்டவரை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ள கூட்டிட்டுப் போய்த் தண்ணி கொடுங்க, தலைக்குள்ள வெக்கை தாங்காது, அவரால வாய் திறந்து கேக்கவும் முடியாது.

* * *

இரண்டாவது இடைவேளைக்கு மாற்றக் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நீங்கள் சொல்வது சரி.

அடுத்த ஆட்டத்துக்கு அவர்களுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தோம். சீட் எண் நினைவில் இருந்தது, முதல் பீரியட் முடிந்ததும் படியேறிப் போய்ப் பார்த்தேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.