இசையில பிஎச்டி பண்றது வீணா? வீணைக்காரி கேக்கறேன்

காகளி_நிஷாதம்:
எல்லாருக்கும் வணக்கம். எம்ஏ இசை முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, பதினோரு வருஷமா ஒரே டீச்சர்கிட்ட வீணை கத்துக்கறேன். இந்த தடவை நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு) எழுதினதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சிருச்சு, சேந்தா மாசம் 37,000 ரூபா வரும், வீட்ல ஒரே குஷி. டீச்சர்கிட்ட சொன்னப்போதான் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. "நீ வாசிக்கப் போறியா, எழுதப் போறியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு, சரி வர்ணத்த ரெண்டாங்காலத்துல எடுன்னுட்டாங்க, அதுக்கப்புறம் அதப்பத்தி பேச்சே இல்ல.

எனக்கு என்ன டவுட்னா, மேடையில பெரிய ஆளா இருக்கற யாராவது நிஜமாவே உக்காந்து தீசிஸ் எழுதி டாக்டர் ஆயிருக்காங்களா, இல்ல போஸ்டர்ல பாக்கற டாக்டர் எல்லாம் பட்டமளிப்பு விழாவுல அங்கி மாட்டிக் குடுக்கறதுதானா? ரெண்டையும் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், டீச்சர்கிட்ட சொல்ல நாலு பேர் வேணும்.

கேண்டீன்_கீரைவடை:
போஸ்டர் டாக்டர்ல பல ரகம் இருக்கும்மா. சீர்காழி வீட்டையே எடுத்துக்கோங்க, அப்பா கோவிந்தராஜனுக்கு சென்னைப் பல்கலைக்கழகம் குடுத்த கௌரவ டாக்டர், பையன் சிவசிதம்பரம் எம்பிபிஎஸ் படிச்சு ஊசி போடற டாக்டர், ரெண்டு பேருமே பாட்டுக்காரங்க, போஸ்டர பாத்தா என்ன தெரியும். வயலின் எல்.சுப்ரமணியமும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்தான். போன சீசன்ல பக்கத்து சீட் மாமா போர்டுல டாக்டர்னு பாத்துட்டு "இவர் காது மூக்கு தொண்டையா?"ன்னு சீரியஸா கேட்டார், நான் தொண்டை மட்டும்னு சொன்னேன்.

கௌரவ பட்டத்துல நொட்டை சொல்ல வரல. 2022 நவம்பர்ல காந்திகிராமத்துல இளையராஜாவுக்கும் மிருதங்கம் உமையாள்புரம் சிவராமனுக்கும் ஒரே மேடையில பிரதமர் குடுத்தார், அடுத்த வருஷம் நவம்பர்ல இசைப் பல்கலைக்கழகத்துல சுசீலாம்மாவுக்கு முதல்வர் குடுத்தார், அவங்கள்லாம் போய் தீசிஸா எழுதணும்? ஆனா கௌரவமா வாங்கினத பேருக்கு முன்னாடி போட்டுக்கறதில்லங்கறதுதான் மரபு, நம்மூர்ல போட்டுக்க மாட்டேன்னு அவரே சொன்னாலும் சபா செக்ரட்டரி விட மாட்டார்.

இதுல போலி வேற. 2023 பிப்ரவரில ஏதோ ஒரு அமைப்பு அண்ணா பல்கலை ஆடிட்டோரியத்த வாடகைக்கு எடுத்து சினிமாக்காரங்களுக்கெல்லாம் டாக்டர் பட்டம்னு குடுத்துச்சே, வாங்கினவங்களுக்கே அது டுபாக்கூர்னு தெரியாது பாவம், அப்புறம் பல்கலைக்கழகமே போலீசுக்குப் போச்சு. நீங்க ஜேஆர்எஃப் வாங்கிட்டு வந்திருக்கீங்க, இந்தக் கூட்டத்தோட உங்கள நீங்களே ஏன் சேக்கறீங்க?

தோடி_தாத்தா:
டீச்சருக்கு சொல்ல ஆள் வேணுமா, எடுத்துக்கோ. பாடகர் எஸ்.ராமநாதன். சிலப்பதிகாரத்துல இருக்கற இசையப் பத்தி அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணி பிஎச்டி வாங்கினவர், 1985ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது. அதே வெஸ்லியன்ல புல்லாங்குழல் டி.விஸ்வநாதன், வீணை தனம்மாளோட பேரன், பரதநாட்டியம் பாலசரஸ்வதியோட தம்பி, அவரோட தீசிஸ் ராக ஆலாபனை பத்தி. வீட்டுக்குள்ளயே அவ்ளோ சங்கீதம் வெச்சுக்கிட்டு அவர் ஏன் எழுதப் போனார்னு உங்க டீச்சர யோசிக்கச் சொல்லு. நம்ம காலத்துல பாடகி சௌம்யா, ஐஐடில கெமிஸ்ட்ரி, அப்புறம் மிருதங்கத்தோட இயற்பியல எடுத்து பிஎச்டி, 2019ல கலாநிதி, இசைப் பல்கலைக்கழகத்துக்கு துணைவேந்தராவும் ஆனாங்க. யாருக்கும் இதனால தொண்டை கெட்டுப் போகல.

இன்னொருத்தர், எனக்கு ரொம்பப் பிடிச்சவர், ஜான் ஹிக்கின்ஸ். வெள்ளைக்காரர், விஸ்வநாதன்கிட்ட பாட்டு கத்துக்கிட்டு திருவையாறு ஆராதனையிலயே பாடினவர். அவரும் பிஎச்டிதான், பரதநாட்டியத்தோட இசையப் பத்தி. ஆனா டாக்டர் ஹிக்கின்ஸ்னு சொன்னா இங்க ஒருத்தனுக்கும் தெரியாது, ஹிக்கின்ஸ் பாகவதர்னாதான் தெரியும்.

நோட்டேஷன்_நோவு:
நான் முடிச்சவ, ஆறு வருஷம் ஆச்சு. தாத்தா சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா அவங்க ஏற்கனவே வித்வான்களா ஆனப்புறம் எழுதினவங்க, நம்ம இருபத்தஞ்சு வயசுல போய் மாட்டறோம், அது வேற. நானும் வீணைதான். ரெண்டாவது வருஷம் ஒரு நாள் தோடி ராகம் எடுத்து கமகத்துக்கு, அதான் ஸ்வரத்த அசைக்கறதுக்கு, தந்தியை இழுத்தா இடது கை ஆள்காட்டி விரல் சுரீர்னுது, பாத்தா நுனியில இருந்த காய்ப்பு முழுசா போயிருச்சு, சரளி வரிசை படிக்கற குழந்தை விரல் மாதிரி மெத்துனு இருக்கு. அன்னிக்கு அழுதேன். உங்க டீச்சர் பயப்படறது இதுக்குத்தான்.

ஆனா கிடைச்சதும் இருக்கு. 1904ல சுப்பராம தீட்சிதர் போட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கற புத்தகத்துல ஒரு கிருதிக்கு இருக்கற நோட்டேஷனையும் நான் பாடம் பண்ணதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா வாசிச்சுப் பாத்தேன். ஒரு இடத்துல நான் பத்து வருஷமா நேரா வாசிச்ச ஸ்வரத்துக்கு மேல அவர் கமகக் குறி போட்டிருக்கார். அந்த ஒரு குறியில ராகமே வேற மூஞ்சியா தெரிஞ்சுது. அத எழுதல, வாசிச்சேன், அடுத்த கச்சேரியிலயே.

அப்புறம் கூத்து ஒண்ணு சொல்லியே ஆகணும், தீசிஸ திருட்டு செக் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டா கிருதியோட சாகித்யம், ஸ்வரம் எல்லாத்தையும் காப்பின்னு சிவப்புல காட்டுது!! முத்துசுவாமி தீட்சிதர் பாட்ட நான் எப்படி சொந்தமா எழுதறது? அத எல்லாம் அனுபந்தத்துக்குத் தள்ளிட்டு திரும்ப ஓட்ட ஒரு மாசம் போச்சு. எங்க கைடு ஒரு அத்தியாயத்தப் படிக்க அஞ்சு மாசம் எடுத்தார், அது தனிக் கதை, கைடு விஷயத்துல மட்டும் சீனியர்கள விசாரிக்காம கையெழுத்து போட்றாதீங்க.

இன்னொண்ணு, வேலைக்காகன்னா அவசரமே இல்ல. நெட் பாஸ் பண்ணிட்டீங்க, அசிஸ்டெண்ட் புரொபசருக்கு அதுவே போதும், பிஎச்டி அதுக்கு மேல போறதுக்குத்தான். இசை மாதிரி கலைகளுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில இன்னொரு வாசலும் இருக்கு, டிகிரியோட நல்ல குருகிட்ட படிச்சு ஆல் இண்டியா ரேடியோல ஏ கிரேடு கலைஞரா இருந்தா அந்த வழியாவும் வரலாம். அமெரிக்காவுல டிஎம்ஏன்னு ஒரு டாக்டர் பட்டம் இருக்கு, அதுல கச்சேரி பண்றதே பரீட்சைல பெரிய பங்கு. நம்மூர்ல வாசிப்புக்கு மார்க் கிடையாது, தீசிஸ்தான்.

காகளி_நிஷாதம்:
காய்ப்பு மேட்டர் படிச்சதும் என் விரலத் தடவிப் பாத்துக்கிட்டேன். கமகக் குறிய டீச்சர்கிட்ட போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "எந்த கிருதின்னு கேளு"ன்னாங்க. சொல்லுங்க அக்கா, எந்த கிருதி?

அம்மாதான் தாங்கல, இன்னும் ரெஜிஸ்டரே பண்ணல, அதுக்குள்ள பெரியம்மாகிட்ட என் கல்யாணப் பத்திரிகையில டாக்டர்னு போடணும்னு பேசிட்டு இருக்காங்க.

கேண்டீன்_கீரைவடை:
போட்டா பிரச்சினை இல்ல, சாப்பாட்டுப் பந்தியில யாரும் பிபி பாக்கச் சொல்லாம இருந்தா சரி.