வீணை 2½ கட்டை, பேத்தி பாட்டு 5½ கட்டை: வீட்டில் சேர்ந்து வாசிப்பது எப்படி?

கூடத்துக் கச்சேரி கேட்டது:

வணக்கம். வீட்டில் நான்கு பேர். எனக்கு வயது 66, வீணை 2½ கட்டைச் சுருதியில். கணவர் மிருதங்கம், அதுவும் 2½. மகன் வயலின். பேத்திக்கு 11 வயது, 5½ கட்டையில் பாடுகிறாள். மேடை எண்ணமெல்லாம் இல்லை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். சுருதி சேரவில்லை. மிருதங்கம் வீணையை அமுக்குகிறது. வர்ணம் எடுத்தால் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தில் ஆளுக்கொரு பக்கம் போகிறோம். அரை மணிக்கு மேல் சம்மணம் போடவும் முடியவில்லை. எங்கே தொடங்கலாம்?

குடமும் யாளியும்:

அம்மா, உங்கள் கட்டைகள் தற்செயலாகவே பொருந்தி இருக்கின்றன. 2½ கட்டையின் மத்யமம்தான் ('ம') 5½ கட்டை ஷட்ஜம் ('ஸ'). வீணையை 5½க்கு ஏற்ற முயலாதீர்கள், முதல் தந்தியான சாரணி அறுந்துவிடும். மத்யம சுருதியில், அதாவது 'ம'வையே 'ஸ'வாகக் கொண்டு வாசியுங்கள்: சாரணியின் ஐந்தாம் மெட்டு (விரல் பதியும் குறுக்குக் கம்பி) இனி 'ஸ', 17ஆம் மெட்டு மேல் 'ஸ'. திறந்த சாரணி கீழ் 'ப' ஆகிவிடும். வாசிக்கும் நான்கு தந்திகளையும் தொடாமல், பக்கவாட்டில் உள்ள தாளத் தந்திகளில் பஞ்சமத்தை ('ப') மட்டும் மத்யமத்துக்கு இறக்குங்கள். இதை மறந்தால் பழைய பஞ்சமம் புது சுருதியில் 'ரி'யாக ஒலித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் சரியாக வாசித்தும் ஏதோ உறுத்துகிறதே என்று தோன்றும்.

மத்யம சுருதியில் கமகம் (சுரத்தை அசைத்து நெளிப்பது) பிடிக்கக் கை புதிதாகப் பழக வேண்டும். அதனால் முதல் மூன்று மாதம் கிருதி வேண்டாம், முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் போதும். மணலியில் இருந்த காலத்தில் கோட்டை பேண்டு வாத்தியத்தில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சூழலில்தான். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, சின்னச் சின்ன உருப்படிகள். 'ச்யாமளே மீனாக்ஷி'யின் மெட்டு, குழந்தைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். பேத்திக்குப் பாதி பாடம் ஏற்கெனவே வந்துவிட்டது.

மகனின் வயலின் கடையில் வந்தபடி ஜி, டி, ஏ, ஈ என்று இருந்தால், முதல் இரண்டையும் அரைச் சுரம் ஏற்றி, பின் இரண்டையும் அரைச் சுரம் இறக்கச் சொல்லுங்கள். ஸ-ப-ஸ-ப 5½ கட்டையில் நிற்கும். வயலினின் 'ப' கம்பியையும் உங்கள் திறந்த சாரணியையும் சேர்த்து ஒலிக்க விட்டுக் கேளுங்கள். முதலில் ஒலி அலை அலையாக நடுங்கும். பிருடையை (தந்தியை முறுக்கும் திருகு) மயிரிழை திருப்பத் திருப்ப அந்த நடுக்கம் மெதுவாகி, ஒரு கணத்தில் அடங்கிவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே சேர்ந்து வாசிக்கலாம். அதை ட்யூனர் ஆப்பிடம் விட்டுவிடாதீர்கள், நால்வரும் காதால் கேளுங்கள்.

வெயில் காலத்தில் வீணையை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் எவ்வளவு சுருதி சேர்த்தும் பயனில்லை.

தொப்பி வலந்தலை:

மிருதங்கத்தை மாற்ற வேண்டியதில்லை. 2½ மிருதங்கம் இந்த அமைப்பில் 'ப' ஆகிறது, வீட்டு வாசிப்புக்கு முரண்படாது. தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல்) ரவைப் பசை கொஞ்சமாகப் பூசச் சொல்லுங்கள். அதிகமானால் ஒலி மந்தமாகி வீணையின் மந்தர ஸ்தாயியை விழுங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் ரவை சீக்கிரம் காய்ந்து ஒலி மாறிக்கொண்டே போகும். முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

சத்தத்துக்கு உட்காரும் இடம்தான் மருந்து. வலப்பக்கத் தோலான வலந்தலையின் கணீர் ஒலி அவருடைய வலப்பக்கம் போகும், ஆகவே நீங்கள் அவருக்கு இடப்பக்கம் இருங்கள். தரையில் கனத்த ஜமுக்காளம் விரியுங்கள். வீணை தனியாக வரும் வரிகளில் அவர் மிருதங்கத்தை நிறுத்திக் கையால் தாளம் போடட்டும். அதுவும் வாசிப்புதான்.

முழங்காலுக்கு: அகலமான, தாழ்வான திவான். மெத்தை மெத்தென்று இருந்தால் வீணையின் குடம் புதையும், பலகை போட்டுப் பாய் விரித்தால் சரி. நாற்காலி வீணைக்கு ஒத்துவராது, குடத்துக்கு இடம் இல்லை.

மோகனப்பிரியன்:

நோட்டுஸ்வரம் நல்ல யோசனை, ஆனால் மூன்று மாதம் அதிலேயே நிற்பது அதிகம். கமகம் இல்லாமல் பழகிய காது சோம்பிவிடும். கூடவே உங்கள் பழைய வர்ணத்தை முதல் காலத்தில் மட்டும் எடுங்கள், பல்லவியும் அனுபல்லவியும் போதும். இரண்டாம் காலம் சிதறுவதற்குக் காரணம் உண்டு. வயலின் ஒரே வில்லில் வழுக்கிக்கொண்டு போகும், வீணையோ தந்தியை இழுத்து, விட்டு, மறுபடி மீட்ட வேண்டும். எனவே காலப்பிரமாணத்தை (வேகத்தை) வீணைதான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு மிகக் கடினமான வரியை இரண்டாம் காலத்தில் தனியாக வாசித்துப் பாருங்கள். நிதானமாக வரும் வேகத்தில் பாதியே குடும்பத்தின் முதல் காலம். தவறியவர் பின்னால் துரத்தக் கூடாது. அப்படியே நிறுத்திவிட்டு அடுத்த சமத்தில் (தாளம் மறுபடி தொடங்கும் இடம்) வந்து சேர வேண்டும். பேத்திக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

கூடத்துக் கச்சேரி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று விட்டுப்போனது: கணவர் காது கேட்கும் கருவி வைத்திருக்கிறார். தம்பூரா ஆப்பைப் போட்டால் 'தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி நெளிகிறது' என்கிறார்.

குடமும் யாளியும்:

கருவி கெட்டுப்போகவில்லை அம்மா. விடாமல் நிற்கும் ஒலியை அது இரைச்சல் என்றோ தன் விசில் என்றோ எண்ணி அமுக்கப் பார்க்கிறது. கருவி பொருத்தியவரிடம் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அதில் இரைச்சல் குறைப்பும் விசில் தடுப்பும் அணைந்தோ குறைந்தோ இருக்க வேண்டும். போகும்போது மிருதங்கத்தையும் தம்பூரா ஆப்பையும் எடுத்துச் செல்லட்டும், அங்கேயே வாசித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.