புதுப்பிப்பு: பழைய டீசல் பிக்கப்பை விற்கவில்லை

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் என் 2012 மாடல் பிக்கப் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை, இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வண்டியை மாற்றுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

“இன்ஜினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) இன்ஜெக்டர் ரிட்டர்னையும் (டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசல்) பாருங்கள்” என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் நன்றாக, ஏறக்குறைய சமமாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தாலும் புகை தள்ளவில்லை. அதாவது இன்ஜின் உள்ளே பெரிதாகத் தேயவில்லை. ஆனால் ஒரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பாட்டிலில் மட்டும் மற்றவற்றைவிட மிக அதிக டீசல். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இப்படிக் கசிந்தால் செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் அழுத்தம் ஏறாது. அதனால்தான் அந்த அடம். அதை மாற்றினோம், டீசல் ஃபில்டரையும் சேர்த்து. இப்போது ஒரே செல்ஃபில் பிடிக்கிறது, சுமையோடு மேடும் ஏறுகிறது.

எதிர்பாராதது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். பின் பட்டை (ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் துரு தின்றிருந்தது. சரக்கு வண்டிக்கு இது இன்ஜினைவிடப் பெரிய விஷயம். நல்ல வேளை, பிளேட் வைத்துப் பற்றவைக்க இடமிருந்தது. துரு நீளத்துக்கும் பரவியிருந்தால் விற்றிருப்பேன். எட்டு வருடம் தாண்டியதால் ஆண்டுதோறும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று); அப்போது முதலில் அங்கேதான் பார்ப்பேன்.