இறகு உதிர்க்கும் பெட்டையைத் தனியாக அடைத்தது தப்பா?

மாடிக்கோழி:
மொட்டைமாடியில் ஒரு சேவல், ஐந்து பெட்டைகள் வளர்க்கிறேன். எல்லாம் நாட்டுக்கோழி. செவலைப் பெட்டைக்கு ஒன்றரை வயது. ஐப்பசி பிறந்ததிலிருந்து இறகு கொட்டுகிறது; முதலில் கழுத்து, இப்போது முதுகும் வாலும். முட்டையும் நின்றுவிட்டது. மற்றதுகள் கொத்தி முதுகில் ரத்தம் வந்ததால் நான்கு நாளாக மாடிப்படிக்கு அடியில் பஞ்சாரத்தை (கோழி மூடும் கூடை) அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போட்ட கம்புத் தானியத்தில் பாதி அப்படியே கிடக்கிறது. தூக்கினால் அலறுகிறது. சீக்கா? எப்போது சேர்க்கலாம்?

தோட்டத்துவாசி:
எச்சம் எப்படி? பச்சையாக, தண்ணியாகப் போனால் கழிச்சலாக இருக்கலாம், உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். இறக்கைக்கு அடியிலும் எச்சம் போகும் இடத்தைச் சுற்றியும் இறகை விலக்கி, கோழிச்செல் என்கிற பொடிப்பூச்சியோ பேனோ ஊர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்த இடத்தில் ஏதாவது முளைத்திருக்கிறதா?

மாடிக்கோழி:
எச்சம் கெட்டி, மேலே வெள்ளையாகத் தொப்பி வைத்த மாதிரி. பூச்சி இல்லை. முதுகு முழுக்கக் கருநீல முள்.

தோட்டத்துவாசி:
அப்போ சீக்கில்லை. பகல் குறையும் காலத்தில் வருகிற வழக்கமான உதிர்வுதான். அந்த முள்தான் புது இறகு, உள்ளே ரத்தம் ஓடும். தொட்டால் வலிக்கும், அதனால்தான் அலறல். பாசத்தில் தூக்காதீர்கள்.

இறகில் முக்கால் பங்குக்கு மேல் புரதம். வெறும் கம்பு போதாது. கரையான் கிடைத்தால் அதற்கு மேல் தீனி இல்லை. பழைய பானையில் சாணியும் ஈரச் சாக்குத்துண்டும் அடைத்து, புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைந்திருக்கும். மாடியில் அதற்கு வழியில்லை என்றால் அவித்த முட்டை, உப்பில்லாத கருவாட்டுத் தூள். உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம், கோழிக்கு ஆகாது.

கரிச்சான்:
தனியாக வைத்ததில் தப்பில்லை, ரத்தத்தைப் பார்த்தால் மற்றதுகள் விடாது. கண்ணுக்கு மறைவாக வைத்ததுதான் தப்பு. நான் ஒரு தடவை மூன்று வாரம் பின்கட்டில் வைத்துவிட்டுப் பட்டப்பகலில் திறந்துவிட்டேன். புதுக்கோழி வந்த மாதிரி எல்லாம் சேர்ந்து துரத்தின. பஞ்சாரத்தை மாடிக்கே கொண்டுபோய் நடுவில் வையுங்கள். புண் ஆறித் தோல் மூடியதும், இருட்டிய பிறகு மற்றதுகள் அடைந்த கம்பில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். அன்றைக்குத் தீனியை இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள்.

மாடிக்கோழி:
மாடிக்கு மாற்றிய அன்றே சேவல் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, இவளும் தின்ன ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்து நேற்று ராத்திரி கம்பில் வைத்தேன். காலையில் கருப்பி மட்டும் தலையில் ஒரு கொத்து கொத்தினாள், அவ்வளவுதான். முட்டை எப்போது வரும்?

தோட்டத்துவாசி:
உதிர ஆரம்பித்து முழுசாக முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். தை வரைக்கும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.