தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுக்க கிரெப் போதுமா?

அமுதன்: ஒரு பழைய சொற்பட்டியலில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டியிருந்தது. பொருந்திய பகுதியை மட்டும் வரிக்கு ஒன்றாகத் தரும் சின்ன ஓ விருப்பத்தோடு கோப்பில் தேடித்தரும் கிரெப் கட்டளைக்கு, எந்த ஒரு குறியையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளியைக் கொடுத்தேன். வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யூனிக் வழியாக விட்டேன். ஒரே வரியில் வேலை முடிந்தது. இதற்குப் போய் பைத்தானில் நிரல் எழுதச் சொல்கிறார்களே!

நெல்லைச்செல்வி: முடியவில்லை நண்பரே. "தமிழ்" என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்துப் பாருங்கள். 5 வரி வரும்: த, ம, மேல்விலங்கு தனியாக, ழ, மெய்ப்புள்ளி தனியாக. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இந்தச் சொல் 5 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். நமக்கு வேண்டியதோ 3 எழுத்து. உங்கள் கணக்கில் "மி" என்ற எழுத்தே இருக்காது.

அமுதன்: பார்த்தேன், உண்மைதான். ஆனால் தப்பு நான் கொடுத்த புள்ளியில், கிரெப்பில் இல்லை. பெரிய பி விருப்பம் போட்டால் பெர்ல் என்ற நிரல்மொழியின் பாணித் தேடல் கோவைகள் கிடைக்கும். அதில், எழுத்தை அதன் குறிகளோடு சேர்த்துப் பிடிக்கும் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொடுத்தேன்: த, மி, ழ். சரியாக வருகிறது.

கருவிப்பெட்டி: உங்கள் லினக்ஸில் வரும். மேக்கோடு வரும் கிரெப்பில் ஓ உண்டு, பி கிடையாது. அங்கே நான் பெர்லையே நேரடியாகக் கூப்பிடுகிறேன், அதே எக்ஸ் வேலை செய்யும்.

நெல்லைச்செல்வி: பழைய பட்டியல் என்றீர்களே, அதில் "பக்ஷி" இருக்குமே? எக்ஸ் அதை ப, க், ஷி என்று வெட்டும். க்ஷகரம் ஓரெழுத்தா ஈரெழுத்தா என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும், கருவிக்குத் தெரியாது.

அமுதன்: ஓரெழுத்துதான். எக்ஸுக்கு முன்னால் "க்ஷ அல்லது" என்று சேர்த்துவிட்டேன்.

நெல்லைச்செல்வி: அப்படியானால் "லக்ஷ்மி"யில் புள்ளி மறுபடி தனியாக விழும், "பக்ஷி"யில் மேல்விலங்கு விழும். க்ஷவுக்குப் பின் வரும் குறிகளையும் சேர்த்துப் பிடியுங்கள். இதைத்தான் சொல்கிறேன்: இத்தனை முடிவுகள் எடுத்தபின் அது ஒற்றை வரி இல்லை, நிரல். கோப்பில் எழுதி, சோதனைச் சொற்களோடு வைக்க வேண்டும்.

அமுதன்: கோப்பில் வைக்கிறேன், சோதனைச் சொற்களோடு. லொகேல், அதாவது மொழி-எழுத்து அமைப்பு, யூடிஎஃப்-8 என்றும் மேலேயே எழுதிவிடுகிறேன், யூடிஎஃப்-8 தெரியாத சி லொகேலில் எல்லாம் பைட்டாகச் சிதறிவிடும். ஆனால் உள்ளே இருக்கப்போவது கிரெப்தான்.