மேயர் காலத்துக் கதைகள்: புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் சொல்லுங்கள்

பாகூர்க்காரன்:
பிரெஞ்சுக் குடியுரிமை விஷயமாகத் தாத்தாவின் பிறப்புப் பதிவு தேவைப்பட்டது. பதிவேடு பார்க்கும் பெரியவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "எந்தக் கொம்யூன் தம்பி?" என்றார். 1880-இல் பிரெஞ்சுக்காரர்கள் கொம்யூன், அதாவது நகராட்சி மாதிரிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரை வைத்த கதையே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பெரியவர் பேச்சுப் பிரியர். வரிசையில் நின்றவர்கள் முறைத்தாலும் நிறுத்தவில்லை. மேயர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர் என்று மட்டும் நினைக்காதே என்றார். 1954 மார்ச்சில் சுற்றுவட்டார மேயர்கள் கூடி, பொதுவாக்கெடுப்பு வேண்டாம், இந்தியாவோடு சேர்த்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அந்த மாதக் கடைசியிலேயே நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறிவிட்டது. அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரும் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள்தான். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. ஊர்க்காரர்கள் யாரும் நேரடியாக வாக்குப் போடவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பெரியவருக்கு அப்படியில்லை, "நாம தேர்ந்தெடுத்த ஆளுங்கதானே போட்டாங்க" என்று முடித்துவிட்டார்.

அப்புறம், நகல் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காரைக்கால் பொண்ணு:
அண்ணா, எங்கள் பெரியப்பா 1968 நகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர். அடுத்த தேர்தல் 2006-இல், 38 வருடம் கழித்து! நடுவில் 1973 சட்டம் வந்து மேயர் போய் நகராட்சித் தலைவர் ஆகிவிட்டார். பெயர் மாறியது சரி, ஆள்தான் இல்லை. சாக்கடை அடைத்தால்கூட ஆணையர் அறை வாசலில்தான் நின்றோம். 2006-இல் சாவடியில் பெரியப்பா, "எம் பேரனுக்கும் எனக்கும் ஒரே நாள்ல ஓட்டு" என்று சத்தமாகச் சொல்ல, அலுவலர்களே சிரித்துவிட்டார்கள்.

கடற்கரைவாசி:
புதுச்சேரி கடற்கரையில் இருந்த மேரி, அதாவது மேயர் அலுவலகக் கட்டடம், இடிந்ததை யாரும் சொல்லவில்லையே? 1870-களின் கட்டடம், 2014 நவம்பர் 29, நல்ல மழை. மறுநாள் போய்ப் பார்த்தேன், தூண்களெல்லாம் செங்கல் குவியல். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, தன் கல்யாணப் பதிவு அங்கேதான் நடந்தது என்று அழுதார். 2021-இல் பழைய தோற்றத்திலேயே கட்டித் திறந்தார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-லேயே முடிந்துவிட்டதால், திறப்பு விழா அன்று ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்தவர்கள் ஒரு தேர்தலையும் நடத்தியிருக்கலாம்.